பிள்ளைகள் பக்கம் திருப்பி வைத்த போன்

ஆசிரிய ஆலோசகர் என் வகுப்பின் கடைசி வரிசையில், பிள்ளைகளின் சின்னக் கதிரை ஒன்றில் முழங்கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாடம் முடியும்வரை கோப்பில் எழுதிக்கொண்டே இருந்தார். அவர் எழுதும்போது எனக்குப் பயமாக இருந்தது. எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தபோது அதைவிடப் பயமாக இருந்தது.

மணி அடித்த பிறகு வராந்தாவில் நின்று கதைத்தார்.

"டீச்சர், உங்கட உச்சரிப்பு நல்லம். புள்ளயளும் ஒழுங்கா இரிக்காங்க. ஆனா பாடம் முழுக்க நீங்கதான் கதைக்கீங்க. அவங்க ஒண்டும் கதைக்கல்ல."

"அவங்களும் சொன்னாங்களே சேர்" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நீங்க செல்லிக் குடுக்கிறத்தத் திருப்பிச் செல்றது கதைக்கிற இல்ல டீச்சர்."

அவருடைய மோட்டார் சைக்கிள் கேற்றைத் தாண்டியதும் அதிபர் என்னைக் கூப்பிட்டார். அடுத்த தவணைக்கு ஆங்கிலத்துக்குப் புதிதாக ஒரு மிஸ் வருகிறார், பட்டதாரி. ஆருக்கு எந்த வகுப்பு என்று நேரசூசி போடும்போது ஆலோசகரின் அறிக்கையைப் பார்த்துத்தான் போட வேண்டும் என்றார். பிறகு, என்னைத் தேற்ற நினைத்து, "கவலப்படாதீங்க டீச்சர். நூலகம் சும்மாதானே பூட்டிக் கிடக்கு. உங்கட குணத்துக்கு அது நல்லாத் தோதுப்படும். ஆரோடயும் கதைக்கத் தேவல்ல" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் ஆரோடும் கதைக்காதவள் என்பது ஊருக்கே தெரியும். கலியாண வீட்டுக்குப் போனால் ஆட்கள் இருக்கும் அறைக்குள் போகாமல் குசினிப் பக்கம் போய் வெங்காயம் உரிப்பேன். பஸ்ஸில் 'இறக்கம்' என்று சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடத்தில் இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன். உயர்தரம் வரைதான் படித்தேன். சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்துக்கு ஆளில்லாமல் இருந்தது. தொண்டராசிரியராகச் சேர்ந்து, வருடக் கணக்கில் காத்திருந்து நிரந்தர நியமனம் பெற்றேன். மூன்றாம், நாலாம், ஐந்தாம் ஆண்டு ஆங்கிலம் அன்றிலிருந்து என்னுடையது.

அந்த வகுப்புகளுக்குள் நான் வேறு ஆள். 'குட் மோனிங் சில்ட்ரன்' என்று சொன்னதும் என் குரல் பக்கத்துக் கட்டிடம்வரை போகும். ஆங்கிலத்தில் கதைக்கும்போது கதைப்பது நான் இல்லை என்பது போல ஒரு துணிவு வரும். பாட்டுப் பாடுவேன், கிளி மாதிரிக் கத்துவேன், தவளை மாதிரிப் பாய்வேன். வீட்டில் ஆரும் நம்பமாட்டார்கள். நூலகத்துக்குப் போனால் அந்த ஆள் இல்லாமல் போய்விடுவாள். அதிபருக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "சரி சேர்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆலோசகர் ஒரு வழி வைத்திருந்தார். ஆங்கில ஆசிரியர்களுக்கு சனிக்கிழமைகளில் வள நிலையத்தில் ஒரு பயிற்சி நடத்தினார். ஒவ்வொருவரும் தன் பாடம் ஒன்றைப் போனில் வீடியோ எடுத்து, மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டி, அதைப் பற்றி ஆங்கிலத்தில் கதைக்க வேண்டும். "அதச் செய்ங்க. மறுகா நான் வந்து இன்னொரு பாடம் பாக்கன். அதுக்குப் பொறகு ரிப்போட் எழுதுவன்" என்று என்னிடம் சொன்னார்.

முதல் சனிக்கிழமை அவர் வீடியோ என்ற சொல்லைச் சொன்னதும் பெண்கள் பக்கம் அமைதியாகிவிட்டது. கடைசியில் சாய்ந்தமருதில் இருந்து வரும் ஒரு டீச்சர் எழும்பினார்.

"சேர், வட்ஸ்அப் குறூப்புல போடவா? எங்கட வீட்டுல கொலதான் விழும்."

ஆண்கள் பக்கமும் சிரித்தது. ஆலோசகரும் சிரித்தார்.

"குறூப்புல ஒண்டும் போட வேணா. உங்கட முகமும் வேணா. பென் ட்ரைவ்ல கொண்டு வாங்க, இஞ்ச பாத்துட்டு இஞ்சயே அழிப்பம். அதிபரிட்டயும் தாய் தகப்பன்மாருக்கிட்டயும் கேட்டுட்டு எடுங்க."

கரும்பலகையையும் எழுதும் கையையும் மட்டும் எடுப்போம் என்று பலர் அங்கேயே பேசி முடிவு செய்துவிட்டார்கள். "வளவியக் கழட்டிட்டு எழுதுங்க, இல்லாட்டி கையப் பாத்தே ஆரெண்டு கண்டுபிடிச்சிருவாங்க" என்று எனக்குப் பின்னால் ஒருத்தி சொன்னாள்.

என் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் ஆண்டு வகுப்பாசிரியை என் மாமாவின் மகள். எனக்கு மச்சி. நான் கதைக்காத இடமெல்லாம் எனக்கும் சேர்த்து அவள்தான் கதைப்பாள். அவளிடம் சொன்னதும் அவள் யோசிக்கவே இல்லை.

"படிப்பிச்ச பாடத்தயே எடு. நாலஞ்சு தரம் ஓட்டிப் பாரு. ஆரு எந்தக் கேள்விக்குப் பதில் செல்றண்டு பிரிச்சுக் குடுத்திரு. மேற்பார்வக்கி நான் எப்பயும் அப்பிடித்தான் செய்ற."

"அது பொய்யில்லயா மச்சி?"

"கலியாணத்துக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறம். அது பொய்யா?"

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஒத்திகைக்கு முன்னால், போனை வகுப்பில் வைத்தால் சத்தம் தெளிவாக விழுமா என்று பார்க்க ஒரு தரம் சும்மா எடுத்துப் பார்ப்போம் என்று நினைத்தேன். என் போன் பழையது. வீட்டுக்காரரிடம் அவருடையதைக் கேட்டேன்.

"உங்கட முகம் விழுமா?" என்றார்.

"இல்ல. புள்ளயள் மட்டும்தான்."

"அப்ப கொண்டு போங்க. நெல்லு வாங்குறவன் போன் எடுத்தா மட்டும் மறுமொழி செல்லிப் போடாதீங்க."

நாலாம் ஆண்டு வகுப்பில், கரும்பலகைக்குப் பக்கத்து அலுமாரியின் மேல் போனைச் சாய்த்து, பிள்ளைகளின் பக்கம் திருப்பி வைத்தேன். மற்றவர்களைப் போலக் கரும்பலகையை எடுக்க நினைக்கவில்லை. என் கைகூட விழக்கூடாது என்ற கூச்சம்தான் காரணம். பாடம், பள்ளிக்கூடம் விட்ட பிறகு என்ன செய்வோம் என்பது. எப்போதும் படிப்பிப்பது போலப் படிப்பித்தேன். நன்றாகப் போனது என்றுதான் நினைத்தேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு, அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்க, குசினியில் நின்று அதைப் பார்த்தேன்.

படத்தில் நான் இல்லை, என் குரல் மட்டும் இருந்தது. 'வட் டூ யூ டூ ஆஃப்டர் ஸ்கூல்?' என்று அது கேட்டது. கேட்டு முடிந்த உடனேயே, 'ஐ ப்ளே வித் மை ஃப்ரெண்ட்ஸ்' என்று அதே குரல் சொன்னது. பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து அதைத் திருப்பிக் கத்தினார்கள். மறுபடியும் கேள்வி, மறுபடியும் என் பதில், மறுபடியும் கத்தல். கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் ஒரு மூச்சு இழுக்கக்கூட நான் இடம் விடவில்லை.

ஜன்னல் ஓரத்தில் ஒரு பெண் பிள்ளை இருப்பாள். ஆங்கிலம் ஒன்றும் வராத பிள்ளை என்று அவளை நான் ஒதுக்கி வைத்திருந்தேன். முதல் கேள்விக்கு அவள் நாடியை நிமிர்த்தி வாயைத் திறந்தாள். அதற்குள் என் குரல் வந்துவிட்டது. வாயை மூடினாள். அடுத்த கேள்விக்கும் திறந்தாள், மூடினாள். பாடம் பாதி போன பிறகு அவள் திறக்கவே இல்லை. கன்னத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மற்றவர்கள் கத்தும்போது உதட்டை மட்டும் அசைத்தாள்.

சோறு அடியில் பிடித்துவிட்டது. அதை இறக்கி வைத்துவிட்டு மறுபடியும் முதலில் இருந்து பார்த்தேன்.

எனக்கு அமைதி என்றால் பயம். நான் படித்த காலத்தில் கேள்வி கேட்டு எழுப்பி விடுவார்கள். பதில் தெரிந்தாலும் எனக்கு வாய் வராது. வகுப்பே என்னைப் பார்த்துக்கொண்டு இருக்கும். அந்த நிலையில் ஒரு பிள்ளையையும் நிற்க விடக்கூடாது என்று நினைத்துத்தான் பதிலை உடனே சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதை இரக்கம் என்று நம்பியிருந்தேன்.

அடுத்த நாள் இடைவேளையில் மச்சிக்குக் காட்டினேன். அவள் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"இத அழிச்சிரு. இதப் பாத்தா அந்தாள் நூலகத் திறப்ப ஒண்ட கையில தந்துட்டுத்தான் போவார்."

அழிக்கவில்லை. ஆனால் அவள் சொன்னபடி ஒத்திகை பார்த்தேன். பிள்ளைகளுக்கு வசனங்களைப் பிரித்துக் கொடுத்தேன். ஜன்னலோரப் பிள்ளைக்கு 'ஐ ப்ளே வித் மை ஃப்ரெண்ட்ஸ்' வந்தது. அவள் அதைக் குர்ஆன் ஓதல் பாடம் மாதிரி மனப்பாடம் செய்து, ஆடி ஆடிச் சொன்னாள். இரண்டாவது வீடியோ ஒரு பிசகும் இல்லாமல் வந்தது. மச்சி பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், லண்டன் பள்ளிக்கூடம்" என்றாள்.

சனிக்கிழமை பென் ட்ரைவில் இரண்டு வீடியோவும் இருந்தன. இரண்டாவதைப் போடுவதென்றுதான் வீட்டிலிருந்து வெளிக்கிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்துகொண்டு அதைப் பற்றி ஆங்கிலத்தில் என்ன சொல்வதென்று மனசுக்குள் வசனம் கட்டிப் பார்த்தேன். 'மை லெசன் இஸ் வெரி குட்' என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

வள நிலையத்தில் வீடியோக்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஓடின. எல்லாமே பெயின்ட் அடித்த வீடுகள். கைகள் அழகாக எழுதின, பிள்ளைகளின் குரல்கள் சரியான பதில்களைச் சொல்லின. ஒரு வீடியோவில் ஆசிரியர் கேள்வியைக் கேட்டு முடிக்கும் முன்பே ஒரு பையன் பதிலைச் சொல்லிவிட்டான். மண்டபமே சிரித்தது. அந்த ஆசிரியரும் சிரித்தார். ஆலோசகர் சிரிப்பு அடங்கும்வரை இருந்துவிட்டு, அவரிடம் மெதுவாகக் கேட்டார்: 'இந்தப் பாடத்தில் நீங்கள் என்ன கண்டீர்கள்?' எல்லோரிடமும் இதையேதான் கேட்டார். எல்லோரும் சுற்றி வளைத்து எதையோ சொல்லிவிட்டு இருந்தார்கள். அவர் கோப்பில் எழுதிக்கொண்டார்.

என் முறை வந்தது. கணினிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். திரையில் இரண்டு சின்னப் படங்கள் தெரிந்தன. முதலாவதில் அமத்தினேன்.

துணிச்சல் என்று சொல்லமாட்டேன். இரண்டாவதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு வசனமும் இல்லை. முதலாவதைப் பற்றிச் சொல்ல ஒன்று இருந்தது.

வீடியோ ஓடியது. என் குரல் அந்தப் பெரிய மண்டபத்தில், கேள்வியும் பதிலுமாக, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. பின்னால் யாரோ செருமினார்கள். ஜன்னலோரப் பிள்ளை வாயைத் திறந்து மூடியபோது, பெண்கள் பக்கத்தில் ஒருத்தி "பாவம்" என்றாள். எனக்கு அது கன்னத்தில் அறை போல விழுந்தது.

ஓடி முடிந்ததும் ஆலோசகர் கேட்டார். நான் வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாய்ந்தமருது டீச்சர் இரக்கப்பட்டு, "சேர், அவ செல்ல வாறது என்னெண்டா" என்று தொடங்கினார்.

ஆலோசகர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

மின்விசிறி கடகடத்தது. வெளியே ஒரு மீன்காரரின் மோட்டார் சைக்கிள் ஹோன் அடித்துக்கொண்டு போய், அடுத்த ஒழுங்கையில் திரும்பி, சத்தம் இல்லாமல் போனது. நான் தரையைப் பார்த்தேன்.

"ஐ டோன்ட் வெய்ட்" என்றேன். கொஞ்சம் கழித்து, "ஐ ஆம் அஃப்ரெய்ட். நொட் த சில்ட்ரன். ஐ" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நல்லம் என்றோ கூடாது என்றோ சொல்லவில்லை. "தேங்க் யூ. புதன்கிழம வாறன் டீச்சர்" என்றார். பிறகு எங்கள் கண் முன்னாலேயே எல்லா வீடியோக்களையும் அழித்தார்.

மச்சிக்கு விஷயம் தெரிந்ததும் இடைவேளை முழுக்க என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மணி அடித்த பிறகு, "இப்பிடி ஒரு விசரி என்ட குடும்பத்துலயா பொறக்கோணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

புதன்கிழமைக்கு முன்னால் இருந்த நாட்களில் ஒன்றைத்தான் பழகினேன். கேள்வி கேட்டதும், மனசுக்குள் நபிகள் மீது ஒரு ஸலவாத்து ஓதி முடியும்வரை வாய் திறப்பதில்லை என்று நிய்யத்து வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை பாதியில் தோற்றுப்போய்ப் பதிலைச் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை, ஓதி முடித்த பிறகும் ஒரு பிள்ளையும் கதைக்கவில்லை. அவர்களும் என் பதிலுக்காகக் காத்திருக்கப் பழகிப்போனவர்கள். பயந்துபோய் என்னைப் பார்த்தார்கள், 'டீச்சருக்குச் சுகமில்லையா' என்று ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டான்.

புதன்கிழமை காலையில் அதிபர் ஆலோசகருக்குத் தேத்தண்ணியோடு கொடுக்க, கடைக்கு ஆள் அனுப்பி ரோல்ஸ் எடுப்பித்தார். ஆலோசகருக்குப் பக்கத்தில் அவரும் வந்து உட்கார்ந்துகொண்டார். எனக்குப் பக்கபலமாக இருப்பதாக நினைத்தார்.

பாடத்தைத் தொடங்கினேன். முன் வரிசை கெட்டிக்காரர்கள் இரண்டு மூன்று கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பிறகு ஜன்னலோரம் போய் நின்று, அந்தப் பிள்ளையைப் பார்த்துக் கேட்டேன்: "வட் டூ யூ டூ ஆஃப்டர் ஸ்கூல்?"

அவள் எழும்பினாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

ஸலவாத்தை ஓதினேன். முடிந்தது. அவளுடைய விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. வகுப்பு முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. என் நாக்கின் நுனியில் பதில் வந்து நின்றது. இரண்டாவது தரம் ஓதத் தொடங்கினேன். ஆலோசகரின் பேனை நின்றுவிட்டதைக் கேட்டேன். நூலகத்தின் பூட்டுத்தான் கண்ணுக்குள் வந்தது. நான் இவளைக் காப்பாற்றவில்லை என்றால் இவளும் போவாள், நானும் போவேன் என்று தோன்றியது.

அதிபருக்குப் பொறுக்கவில்லை. பின்னாலிருந்து எட்டி, "ப்ளே, ப்ளே செல்லு புள்ள" என்று மெல்லிய குரலில் சொன்னார். அது வகுப்பு முழுக்கக் கேட்டது.

"சேர், கொஞ்சம் பேசாம இரிங்க" என்றார் ஆலோசகர்.

பிள்ளை திரும்பி அதிபரைப் பார்த்தாள்.

"நோ சேர்" என்றாள். "நோ ப்ளே. ஐ கோ மத்ரஸா." பிறகு என் பக்கம் திரும்பி, அவசரப்படாமல் யோசித்து, "தென் ஐ ஸ்லீப்" என்றாள்.

"வேர் டூ யூ ஸ்லீப்?" என்று கேட்டுவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

இந்த முறை நான் ஓதத் தேவையிருக்கவில்லை. "இன் மத்ரஸா" என்றாள்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. "டீச்சர், மத்ரஸா ஹஸ்ரத் சீ ஹேர்" என்று முன் வரிசையில் ஒருவன் கத்தினான். இன்னொருத்தி, "ஷீ ஸ்லீப் எவ்ரிடே டீச்சர்" என்றாள். ஆளாளுக்குக் கை உயர்த்தினார்கள். பாதி பிழையான ஆங்கிலம், நான் படிப்பிக்காத வசனங்கள். எனக்கு எதைத் திருத்துவதென்று தெரியவில்லை. ஒரு பையன் தான் வீட்டில் ஆட்டுக்குப் புல் போடுவதைச் சொல்ல முயன்று, ஆங்கிலம் போதாமல், கையால் புல்லை அறுத்துக் காட்டினான். மணி அடிக்கும்போது கரும்பலகையில் நான் எழுத வேண்டியதில் பாதிகூட எழுதியிருக்கவில்லை.

என்னை ஒபிசுக்குக் கூப்பிட்டார்கள். ஆலோசகர் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்திருந்தார்.

"டீச்சர், பாடம் முடியல்ல, நேரம் கைய விட்டுப் போயிட்டு. அது பிழதான். ஆனா இண்டைக்குப் புள்ளயள் கதைச்சாங்க" என்றார். பிறகு அதிபரைப் பார்த்து, "மூணாம் ஆண்டும் நாலாம் ஆண்டும் இவக்கிட்டயே இரிக்கட்டும் சேர். அஞ்சாம் ஆண்டப் புது மிஸ்ஸுக்குக் குடுங்க. அடுத்த வருஷம் பாத்துட்டு யோசிப்பம்" என்றார்.

அதிபருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ். சந்தோஷந்தானே டீச்சர்?"

எப்போதும் போல 'ஓம் சேர்' என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

"ரெண்டு வகுப்பு கிடைச்சது சந்தோஷம் சேர். அஞ்சாம் ஆண்டு போனது கவலதான்" என்றேன்.

அதிபர் கொஞ்சம் திகைத்தார். "ஓம், கவலதான்" என்று அவரும் சொன்னார். தட்டில் இருந்த ரோல்ஸ் ஒன்றைக் கடதாசியில் சுற்றி என் கையில் தந்தார்.

மூன்றாம் ஆண்டுப் பாடவேளை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. வராந்தாவில் போகும்போது மச்சி தன் வகுப்பு வாசலுக்கு வந்து நின்றாள்.

"என்ன, நூலகமா?"

"இல்ல. மூணும் நாலும் தந்திருக்காங்க."

"அப்ப அஞ்சு?"

"புது மிஸ்ஸுக்கு."

இத்தனை வருடமும் அவளுடைய வகுப்பில் ஆங்கிலப் பாடவேளை என்றால் நான்தான். நான் படிப்பிக்கும்போது அவள் மூலையில் இருந்து கொப்பி திருத்துவாள், நான் தவளை பாய்ந்தால் பிள்ளைகளோடு சேர்ந்து சிரிப்பாள்.

"அந்த மிஸ் பாயுவாவாமா?" என்றாள்.

"தெரியா மச்சி."

என் கையிலிருந்த கடதாசியை வாங்கி விரித்து, ரோல்ஸை இரண்டாகப் பிய்த்தாள். ஒரு பாதியைத் தான் எடுத்துக்கொண்டு மற்றதை என் கையில் வைத்தாள்.

"திண்டுட்டுப் போ. அங்க சின்னதுகள் மேசைக்கு மேல ஏறிட்டுதுகள்" என்றாள்.